நகரத்தில் இருந்துகொண்டு ஊரை வரைந்தவர்கள்

வண்ணம் வந்த வழி: இலங்கை ஓவியத் தொடர் – 14

ஹெட்டிபொலச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழைக்கு ஒதுங்கிய பலசரக்குக் கடையில்தான் அதைப் பார்த்தேன். மேசைமேல் விரித்த கண்ணாடிக்கு அடியில் பிள்ளைகளின் பாடசாலைப் படம், புத்தர் படம், விழாத லொத்தர்ச் சீட்டு. அவற்றின் நடுவே சிவப்பேறிய இரண்டு ரூபாத் தாள் ஒன்று. 1979ஆம் ஆண்டுத் தாள். முகப்பில் மீன். தாள் மங்கியிருந்தது, மீன் மங்கவில்லை.

“இதை ஏன் முதலாளி செலவழிக்காமல் வைத்திருக்கிறீர்கள்?”

“வடிவாக இருக்கிறதே, மாத்தயா.”

“யார் வரைந்தது என்று தெரியுமா?”

“வேறு யார், பாங்குக்காரர்தானே.”

ஹெட்டிபொல இருக்கும் வில்கமுவ மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலை, மறுபக்கம் மகாவலி கங்கை, அருகே 1984இல் தேசியப் பூங்காவாகிய வஸ்கமுவக் காடு. வயலும் சேனையும் யானை வேலியுமாக வாழும் ஊர். ஓவியக்கூடம் தேடி இங்கே யாரும் வருவதில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் இந்தச் சந்தியில் நெல் விற்றவர், உப்பு வாங்கியவர், பஸ்ஸில் டிக்கட் எடுத்தவர் எல்லாருடைய மடியிலும் நாட்டின் தேர்ந்த ஓவியர் ஒருவரின் கைவேலை இருந்தது. அந்த ஓவியருடைய பெயர் அவர்களை எட்டவில்லை. எட்டாமல் போனதற்குக் காரணம் தேடினால் கொழும்புக்குத்தான் போகவேண்டும்.

சென்ற பதின்மூன்று இயல்களில் பாதிக்கு மேல் இதே மாத்தளை மாவட்டத்தைச் சுற்றியே நடந்தோம். சிகிரியாவின் சுவர்ப் பெண்களும் தம்புள்ளைக் குகையின் விதானமும் இந்த மாவட்டத்துச் சொத்து. அங்கெல்லாம் வரைந்தவன் வரைந்த ஊரிலேயே இருந்தான். இனி வருபவர்கள் அப்படியில்லை. கொழும்பில் பிறந்து அல்லது கொழும்புக்கு வந்து, கொழும்பில் காட்சி வைத்து, கொழும்பில் விற்று, கொழும்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரைந்தார்கள். நகரத்து ஓவியர்கள் தங்கள் நகரத்தை ஏறெடுத்துப் பார்க்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டு. அவர்களுடைய சான்றுகளையும் வழியில் சொல்கிறேன்.

1943 ஆகஸ்ட் 29. கொழும்பு, கில்ட்ஃபோர்ட் கிரசன்ட். லயனல் வென்ட்டின் வீட்டில் சில ஓவியர்கள் கூடினார்கள். வென்ட் லண்டனில் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், புகைப்படக்காரர். ஒரே ஆளில் இத்தனையும் அடங்கியிருந்தபடியால் அவருடைய வரவேற்பறையே அக்காலத்துக் கொழும்பின் கலைக்கழகமாக இருந்தது. 1891 முதல் இயங்கிவந்த இலங்கைக் கலைச் சங்கம் ஐரோப்பியக் கல்விக்கூடப் பாணியில், அசல் போலத் தெரியும் உருவப்படங்களையும் இயற்கைக் காட்சிகளையும் போற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எதிர்க்கடை திறக்கத்தான் இந்தக் கூட்டம். ஆண்டின் பெயரையே குழுவின் பெயராக்கி 43 குழு என்றார்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜெஃப்ரி பெலிங், ஜோர்ஜ் க்ளாசன், ரிச்சர்ட் கேப்ரியல், ஒப்ரி கொலெட், அன்று காவியுடையில் இருந்த மஞ்சுசிறி. தொடக்க உறுப்பினர்களுள் யாழ்ப்பாணத்து எஸ். ஆர். கனகசபையின் பெயரும் குறிப்பிடப்படுகிறது. 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். வின்சர் என்பவர் அரசின் சித்திரப் பரிசோதகராக வந்து, கொழும்பின் இளைஞர் பலருக்கு நவீன ஓவியத்தின் கதவைத் திறந்துவிட்ட ஆங்கிலேயர். ஒரே ஆசானின் பேரில் வடக்கில் ஒரு கழகம், அவருடைய தாக்கத்தில் தெற்கில் ஒரு குழு. இரண்டையும் சேர்த்து எழுதிய வரலாறு குறைவு.

அந்த 1943ஆம் ஆண்டுக் கொழும்பு எப்படி இருந்தது? அதற்குப் பதினாறு மாதம் முன்பு, 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் நகரத்தின்மேல் குண்டு போட்டன. குடிசனம் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்கு ஓடியது. பிறகு நேசநாட்டுப் படையினர் வந்து நிறைந்தார்கள். கூப்பன் அரிசி, இருட்டடிப்பு, துறைமுகத்தில் இரவு பகலாகப் பாரம் இறக்கும் கூலியாட்கள். ஓவியன் ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பாரிஸில் மானேயும் டிகாவும் மதுக்கடை மேசையையும் சலவைக்காரியின் கொட்டாவியையும் வரைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய பேர்லினை ஜோர்ஜ் குரோஸ் கோட்டோவியத்தால் உரித்துத் தொங்கவிட்டிருந்தார். இவற்றையெல்லாம் நன்கு அறிந்தவர்கள்தான் 43 குழுவினர். மத்தீஸ், பிக்காசோ கோடுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோடுகள் எந்தத் தெருவிலிருந்து வந்தனவோ அந்தத் தெருவை எடுத்துக்கொள்ளவில்லை.

கண்டியில் பிறந்த கீற், கண்ணனையும் இராதையையும் கிராமத்துப் பெண்களையும் வரைந்தார். கொழும்பு நகரத்தின் நடுவே அவர் செய்த மிகப் பெரிய வேலை பொரளை கோதமி விகாரையின் சுவரோவியங்கள். 1939, 1940இல் வரைந்தவை. பொரளைச் சந்தியின் இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்தால் புத்தர் வரலாறு சுவர் முழுவதும் ஓடுகிறது. போய்ப் பார்க்காதவர்கள் ஒரு மாலை ஒதுக்குங்கள். காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய கீற் அது. ரிச்சர்ட் கேப்ரியல் மாடுகளையும் உழவரையும் வரைந்தார். தரணியகலவின் ‘மீன்’ என்ற ஓவியம் 1956இல் வெனிஸ் ஈராண்டுக் காட்சியில் யுனெஸ்கோ பரிசு பெற்றது. மஞ்சுசிறி விகாரை விகாரையாக நடந்து, அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பார்த்துப் படியெடுத்தார். 1979இல் மக்சேசே விருது அந்த உழைப்பைத் தேடி வந்தது. எல்லாம் பெருவேலைகள். ஒன்றைக்கூடக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

க்ளாசனின் கதைதான் என்னை உறுத்துகிறது. பகலில் கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவில் படவரைஞர். அளவுகோலும் கவராயமும் கையுமாகத் துறைமுகத்தின் வரைபடத்தைத் தீட்டுவது தொழில். வீட்டுக்கு வந்தால் ஓவியம். அங்கே பாரந்தூக்கியும் இல்லை, கப்பலும் இல்லை. மெல்ல மெல்ல உருவமே கரைந்து அருவமாகிவிட்டது. துறைமுகத்தை முழுதாக அறிந்த அந்த ஒரு கண், மாலையானதும் அதை மறந்துவிட விரும்பியது போலும்.

ஐவன் பீரிஸ் தெகிவளைக் கடற்கரைக்காரர். திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சகோதரர். 1950களில் இங்கிலாந்து போய், கடைசியில் சவுத்எண்ட் என்ற கடற்கரைப் பட்டினத்தில் தங்கி, 1988இல் அங்கேயே மறைந்தார். அங்கே இருந்துகொண்டு அவர் வரைந்தது பெரும்பாலும் விட்டுவந்த கரையை. மரங்கள், நீர், அசைவற்று நிற்கும் மனிதர். கொழும்புக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டிய கரை அது என்று தெரிந்தவனுக்குத் தெரியும். ஆனால் ரயில் ஒருபோதும் அவருடைய ஓவியத்துக்குள் வருவதில்லை. நினைவில் வடிகட்டிய கரை.

ஏன் இப்படி? “அவர்கள் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள், தெருவில் நடக்காதவர்கள்” என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். எல்லாரும் வசதிக்காரர் அல்லர். க்ளாசன் சம்பளக்காரர். கேப்ரியல் ஆசிரியர். என் எண்ணம் வேறு. குடியேற்ற நாட்டின் தலைநகரம் அந்நியனுடையது. நாடு என்பது ஊரில் இருக்கிறது என்ற நம்பிக்கை அன்று தென்னாசியா முழுவதும் பரவியிருந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் அந்த நம்பிக்கைக்கு அத்திவாரம் போட்டது. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர், கண்டி இராச்சியத்துக் கைவினைஞரைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். மாத்தளையின் ஹபுவிட அரக்கு வேலைக்காரர்களை உலகுக்குக் காட்டியதில் அவர் பங்கு பெரியது. அரக்கைச் சூடாக்கி நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தாலேயே நறுக்கி, மரக் கைபிடியில் பூவும் கொடியுமாகப் பதிப்பார்கள். சிங்களத்தில் ‘நியபொத்து’ என்றால் நகம். அந்த வேலைக்கும் அதுவே பெயர். இயந்திரம் வந்த நகரத்தில் கலை செத்தது, நகத்தால் நறுக்கும் ஊரில் வாழ்கிறது என்று குமாரசுவாமி நம்பினார். படித்தவர்களும் நம்பினார்கள். நம்பிய பிறகு, பாரம் இறக்குபவனை வரைய யாருக்குக் கை வரும்?

சென்னையிலும் இதுதான் நடந்தது. 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நகரத்தை விட்டு வெளியேறி, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். பெயரிலேயே ‘கிராமம்’ இருப்பதைக் கவனியுங்கள். பம்பாய் சற்று வேறு. அங்கே சுதீர் பட்வர்தன் என்ற கதிரியக்க மருத்துவர், பகலில் நோயாளியின் எலும்பைப் பார்த்துவிட்டு, மற்ற நேரத்தில் மின்ரயில் கூட்டத்தையும் ஈரானித் தேநீர்க் கடையையும் தொழிலாளியின் முதுகையும் வரைந்தார். க்ளாசனின் பாதைக்கு நேர் எதிர்ப்பாதை.

மறுப்பவர்களின் முதல் சான்றுக்கு வருகிறேன்: ஒப்ரி கொலெட். உண்மைதான். கொலெட் நகரத்தைத்தான் வரைந்தார். ஆனால் கேலிச்சித்திரமாக, பத்திரிகையில். கொழும்பு றோயல் கல்லூரியில் சித்திரம் கற்பித்துக்கொண்டே அமைச்சர்களின் வயிற்றையும் மூக்கையும் தேசமறியச் செய்தவர். 1950களில் மொழிச் சண்டை மூண்டபோது அவருடைய தூரிகை கூர்மையாயிற்று. 1960களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போய்விட்டார். நகரம் கேலிக்கு உரியது, ஓவியத்துக்கு உரியதன்று என்ற பிரிவினையை அவருடைய வாழ்க்கையே உறுதிப்படுத்துகிறது என்பேன்.

இன்னொரு சான்று வென்ட்டின் புகைப்படங்கள். அவற்றிலும் நகரம் அரிது. மீனவர் உடல், மலைநாட்டு நடனக்காரர், ஒளி விழும் ஓலை. 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் விவரணைக் குரல் வென்ட்டுடையது. அந்தப் படத்தில் வணிகத்தின் இரைச்சல் ஒரு பகுதியாக வருகிறது. வென்ட் 1944 டிசம்பரில், நாற்பத்து நான்கு வயதில், குழுவின் இரண்டாம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் என்ன எடுத்திருப்பார் என்று யூகிப்பது வீண்.

இங்கே ஒரு கிளைக்கதை. சொல்லாமல் போக முடியவில்லை. 1929, 1930இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்பில் இருந்த இளைஞர் ஒருவர் வென்ட்டின் நண்பராகி, கீற்றின் ஓவியத்தைப் பாராட்டி எழுதினார். பெயர் பாப்லோ நெருதா. குடியிருந்தது வெள்ளவத்தைக் கடற்கரையில். அவருடைய நினைவுக் குறிப்பு நூலில் வென்ட்டுக்குப் புகழாரம் உண்டு. வெள்ளவத்தை வீட்டின் மலக்கூடத்தைச் சுத்தம் செய்ய விடியலில் வந்துபோன தமிழ்ப் பெண்ணைத் தாம் பலவந்தப்படுத்தியதும் அதே நூலில் அவரே எழுதியதுதான். அந்தப் பெண்ணுக்கு அந்த நூலில் பெயரில்லை. கொழும்பின் நவீன ஓவியத்தில் அவளுக்கு உருவமுமில்லை. கழிவு வாளி சுமந்து நகரத்தை நடத்திய அத்தனை பேரும் அப்படித்தான். ஊர்ப் பெண் குடம் சுமந்தால் ஓவியமாவாள்.

1952இல் லண்டன், 1953இல் பாரிஸ் என்று 43 குழு வெளிநாட்டில் காட்சி வைத்துப் பெயர் வாங்கியது. பிறகு உறுப்பினர் ஒவ்வொருவராகக் கடல் கடந்தார்கள். ஹரி பீரிஸ் மட்டும் பார்ன்ஸ் பிளேஸில் தம் வீட்டிலேயே நிலைத்து, நண்பர்களின் ஓவியங்களைச் சேர்த்துக் காத்தார். சபுமால் அறக்கட்டளை என்ற பெயரில் இன்றும் அந்தத் தாழ்ந்த ஓட்டு வீட்டில் அவை தொங்குகின்றன. கதை அங்கிருந்து மாத்தளைக்குத் திரும்புகிறது.

ஈனா த சில்வா மாத்தளை அலுவிகாரைக் குடும்பத்தவர். கொழும்பு அல்ஃப்ரட் பிளேஸில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவைக் கொண்டு அவர் கட்டுவித்த வீடு, நடுமுற்றம் வைத்த பழைய வீட்டமைப்பை நகரத்துக் குறுகிய காணிக்குள் கொண்டுவந்தது. ஓடு வேய்ந்த அந்த வீடு இலங்கைக் கட்டடக்கலையில் ஒரு திருப்பம். அங்கே 1960களில் பத்திக் துணி வேலை தொடங்கியது. பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரைக்கும், 1982இல் திறந்த கோட்டே பாராளுமன்றத்துக்கும் அவருடைய துணிகள் போயின. பின்னர் கொழும்பை விட்டு அலுவிகாரைக்கே திரும்பி, ஊர்ப் பெண்களை வைத்துப் பத்திக்கும் தையலும் பித்தளை வேலையும் நடத்தினார். 2015இல் மறைந்தார். அல்ஃப்ரட் பிளேஸ் வீட்டைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நகரத்தில் பிறந்த வீடுகூடக் கடைசியில் ஊருக்குத்தான் போயிற்று.

அந்தப் பத்திக் கூடத்தில் கோடு வரைந்தவர்களில் ஒருவர் லக்கி சேனாநாயக்க. 1937இல் பிறந்தவர். பாவாவின் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தார். மறுபடியும் ஒரு படவரைஞர்! இவர் வரைந்த கட்டட வரைபடங்களில் மரங்கள் வெறும் வட்டங்களாக இருக்கமாட்டா. இலை இலையாக, இன்ன மரம் என்று பெயர் சொல்லும்படி நிற்கும். கட்டடத்தை விட மரம் பெரிதாகத் தெரியும். பாராளுமன்ற மண்டபத்தில் வெள்ளி ஓலைகளாகத் தொங்கும் விளக்கு இவர் கைவண்ணம். கந்தளமை ஹோட்டலின் படிக்கட்டில் சிறகு விரித்து நிற்கும் பேராந்தையும் இவருடையது. 1970களிலேயே கொழும்பை விட்டு, தம்புள்ளைக்கு அருகே தியபுபுல என்ற ஊற்று நிலத்தில் காடு வளர்த்து, நீரின்மேல் திறந்த குடில் கட்டிக்கொண்டார். 2021 மே மாதம் மறையும்வரை அதுவே வீடு.

மத்திய வங்கி புதிய நாணயத்தாள் வரிசைக்கு இவரை வரையச் சொன்னது. அதுவரை தாள்களில் மன்னரோ தலைவரோ அரச இலச்சினையோ இருக்கும். 1979ஆம் ஆண்டு வரிசையில் தலைவர் எவரும் இல்லை. இரண்டு ரூபாயில் மீன், இருபதில் குரங்கு, நூறில் பாம்பு, எங்கும் பறவை, வண்ணத்துப்பூச்சி, ஓணான். பின்பக்கம் நெடுக்குவாட்டில் வரைந்தது. தாளைத் திருப்பினால் நிமிர்த்தியும் பிடிக்கவேண்டும். பணத்தை எண்ணுகிறவனை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கவைத்த குறும்பு அது. உலகில் எந்த நாடும் தன் முழு வரிசையையும் ஓர் ஓவியரின் காட்டுக்கு இவ்வளவு தாராளமாகத் திறந்துவிட்டதாக நான் பார்த்ததில்லை. வரைந்தவர் பெயர் தாளில் இல்லை. கொழும்புக் கூடத்தில் தொங்கியிருந்தால் அட்டையில் பெயர் இருந்திருக்கும், ஹெட்டிபொலக் கடைக்கு வந்து சேர்ந்திருக்காது.

1996 ஜனவரி 31ஆம் நாள் காலை, அந்தத் தாள்களை வெளியிட்ட அதே மத்திய வங்கியின் வாசலில் குண்டு நிரப்பிய லொறி வெடித்தது. கொழும்புக் கோட்டை. 91 பேர் இறந்தார்கள், 1,400 பேர் அளவில் காயப்பட்டார்கள். பலருக்குக் கண் போயிற்று. கண்ணாடிச் சுவர்களால் ஆன அலுவலகங்கள் அல்லவா.

உள்நாட்டுப் போருக்கு அதற்கு முன்பே வயது பன்னிரண்டு கடந்திருந்தது. கொழும்பும் வெடிப்புகளுக்குப் புதியதல்ல. ஆனால் இதற்குப் பிறகு நகரத்தின் உருவம் மாறிவிட்டது. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. சாவடிக்கு முன்னால் தார்ப் பீப்பாய்கள். பேச்சு வழக்கில் ‘பரல்’. மண்ணோ கொங்கிறீற்றோ நிரப்பி, இராணுவ உருமறைப்பு நிறம் பூசி, வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். தமிழனாயிருந்தால் அந்த வளைவில் அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்து நீட்டவேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்வருவதற்குள் எத்தனை பரல் என்று எண்ணிப் பழகியவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள்.

சந்திரகுப்த தேனுவரவும் எண்ணினார். காலியில் பிறந்து, மொஸ்கோவில் ஓவியம் படித்துத் திரும்பியவர். 1993இல் விபவி நுண்கலைக் கழகத்தைத் தொடங்கியவர்களுள் முதல்வர். 1997இல் அவர் ஒரு கேள்வி கேட்டார்: காட்டில் ஒளிவதற்கான பச்சையும் காவியும் பூசிய பீப்பாய், சாம்பல் நிறத் தார் வீதியில் யாரிடமிருந்து ஒளிகிறது? ஒளிவதற்கான நிறம் நகரத்தில் ஆளைக் கூவி அழைக்கிறது. நகரத்தின் அழகுக் கலையே இப்போது இதுதான் என்று அறிவித்து, பீப்பாயைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். ‘பெரலிசம்’ என்று பெயரிட்டார். கியூபிசம், சர்ரியலிசம் என்று ஐரோப்பாவிலிருந்து இசங்களை இறக்குமதி செய்துவந்த நாட்டில் முதன்முதலாக ஓர் உள்ளூர் இசம், அதுவும் தார்ப் பீப்பாயிலிருந்து. உருமறைப்புத் திட்டுகளை அவர் பிறகு ஓவியம் ஓவியமாக வளர்த்தார். கிட்டப் போனால் திட்டுகளுக்குள் உடல்கள் தெரியும். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலை 23இல் காட்சி வைப்பதைத் தேனுவர வழக்கமாக்கிக்கொண்டார். சிங்கள ஓவியர் ஒருவர் அந்த நாளை அத்தனை ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது சின்ன விடயம் அல்ல.

தேனுவரவுக்கு முன்பே வாசல் திறந்துவிட்டது என்பார்கள், அதுவும் சரி. 1992இல் தேசியக் கலாபவனத்தில் ஜகத் வீரசிங்க ‘பதற்றம்’ என்ற பொருள்படும் காட்சி வைத்தார். தொழிலால் தொல்லியலாளர். கறுத்த, கீறிய, ஆத்திரமான கோடுகள். 43 குழுவின் நளினம் அதில் மருந்துக்கும் இல்லை. 1994இல் ஷர்மினி பெரேரா தொகுத்த காட்சியில் இந்த இளையவர்கள் ஒன்றாகத் தெரிந்தார்கள். 2000இல் தீர்த்தக் கலைஞர் கூட்டமைப்பு வந்தது. ‘தொண்ணூறுகளின் போக்கு’ என்று இதைக் குறிக்கிறார்கள். எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பள்ளி மாணவர்களுக்காகப் பாராளுமன்றத்துக்குப் போகும் வழியில் வீரசிங்க அமைத்த நினைவுச் சின்னம், கேட்பாரற்றுக் கிடந்து, பிறகு இடித்து அகற்றப்பட்டது. நகரத்தை வரைவது ஒன்று, நகரத்தில் வைப்பது வேறொன்று.

நகரம் என்றால் கொழும்பு மட்டுமா என்று யாழ்ப்பாணத்தார் கேட்பது நியாயம். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ‘அகம் புறம்’ காட்சி நடந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்து, திருத்திக் கட்டிய அதே நூலகம். அங்கே தா. சனாதனன் ஓவியம் எதையும் மாட்டவில்லை. வீடு வீடாகக் கேட்டு வாங்கிய சிறு பொருள்களை அடுக்கினார். போர் தின்று மிச்சம் வைத்த வீட்டுச் சாமான்கள். பார்க்க வந்தவர்கள் தங்கள் பொருளைத் தேடி நின்றார்கள். 2011இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்புக்கு ‘முடிவுறாத தோம்பு’ என்று பொருள். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை எடுத்து, இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படங்களால் நிரப்பினார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, குசினி எந்தப் பக்கம் என்று கை நடுங்கக் கீறிய கோடுகள். பக்கத்தில் கட்டடப் படவரைஞர் முறையில் திருத்திய வரைபடம். அடுத்து சனாதனனின் ஓவியம். க்ளாசன் வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்த அந்தத் தொழிலை இவர் ஓவியத்துக்குள்ளேயே அழைத்துக்கொண்டார்.

2019 டிசம்பரில் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் முதல் காட்சிக்கு ‘ஒரு நூறாயிரம் சிறு கதைகள்’ என்று பெயர். நம் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த தலைப்பு. 43 குழுவின் கூட்டத்தில் கனகசபையின் பெயர் பட்டியலின் ஓரத்தில் நின்றது என்றேன் அல்லவா, எழுபத்தாறு ஆண்டில் ஒரு தமிழ்க் கவிதை வாசல் பலகைக்கு வந்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவே ஒரு பழைய பழக்கம் மட்டும் அசையவில்லை. 1993 முதல் கொழும்பில் ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை நடத்தும் ‘கலா பொல’வுக்குப் போய்ப் பாருங்கள். பொல என்றால் சிங்களத்தில் சந்தை, வாரச் சந்தை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதை நெடுக, மர நிழலில், நாடெங்கிலுமிருந்து வந்த ஓவியர்கள் விரித்து வைக்கிறார்கள். ஊர்ச் சந்தையை நகரத்தின் செல்வந்தத் தெருவுக்குக் கொண்டுவந்த யோசனை அருமை. ஆனால் நான் போன ஆண்டுகளில் விலைபோனவை என்ன? மாட்டு வண்டி, தாமரைக் குளம், குடம் சுமக்கும் பெண், வரிசையாகப் போகும் யானை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வரவேற்பறைச் சுவருக்கு. யானை வரிசையாக வந்தால் என்ன ஆகும் என்பதை வில்கமுவக்காரரிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்.

மழை விட்டிருந்தது. பஸ் வரும் சத்தம் கேட்டது. எழும்பும்போது முதலாளியிடம் பெயரைச் சொன்னேன். லக்கி சேனாநாயக்க. கொழும்பில் இருந்தவர், பிறகு தம்புள்ளைக்கு வந்து அங்கேயே இருந்து போய்விட்டார்.

“தம்புள்ளையா?” என்றார் முதலாளி. கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். “அப்படியென்றால் எங்கள் மாவட்டத்து ஆள். அதுதானே பார்த்தேன், மீன் சரியாக வந்திருக்கிறதே என்று.”

(தொடரும்)